எவர்சில்வர் பம்பர்

தொடலாம், தாராளமாகத் தொடலாம். விரல் நுனியால் மட்டும் வேண்டாம், புறங்கையால் தொடுங்கள். குரோமில் விரல் பட்டால் ரேகை அப்படியே நின்றுவிடும். ஆமாம், அப்படித்தான். சில்லென்று இருக்கிறதா? வெயிலில் நிறுத்தினால் கொதிக்கும், நிழலில் நிறுத்தினால் குளிரும். பிளாஸ்டிக்குக்கு இந்த ரோஷம் கிடையாது.

உட்காருங்கள். திருப்பூரிலிருந்து இதைப் பார்க்கவென்றே பொள்ளாச்சிக்கு வந்தீர்களா? உங்களிடமும் இதே வண்டிதான் என்று போனில் சொன்னீர்கள். கறுப்பு நிறமா? கறுப்புக்குக் குரோம் இன்னும் எடுப்பாக இருக்கும். அந்த வீடியோ வெளிவந்து ஒரு மாதம் ஆகிறது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், திட்டினார்கள், எனக்கே மூன்று பேர் அனுப்பிவைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, பம்பர் நன்றாக இருக்கிறது, எங்கே செய்தீர்கள் என்று கேட்டு வந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் வாருங்கள் என்றேன். இல்லாவிட்டால் இப்போது யாரையும் நான் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

வீடியோ மொத்தம் பதினொரு விநாடி. சேற்றில் சிக்கி நிற்பது என் வண்டி. முழங்கால் அளவு சேற்றில் ஒருவன் என் பம்பரில் இழுவைப் பட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டு விலகிப் போகிறான். முன்னால் நிற்கிற வண்டி இழுக்கிறது. பட்டை விறைக்கிறது. அடுத்த விநாடி என் பம்பர் பிய்த்துக்கொண்டு பறந்து, முன்வண்டியின் பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது. அதோடு முடிந்தது. அதை வைத்து ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கட்டத் தெரியாதவன் கட்டிவிட்டான் என்று.

கட்டியவன் பெயர் அருள்ராஜ். அவனைப் பற்றிச் சொல்கிறேன், பொறுங்கள். முதலில் பம்பரைப் பற்றிச் சொல்கிறேன். அதற்குத்தானே வந்தீர்கள்?

எனக்கு ஐம்பத்தாறு வயது. தென்னை நார் மில் வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாகத் தூசிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வண்டியை வாங்கிய அன்று முன்னால் நின்று பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது வருகிற வண்டியெல்லாம் முறைக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? கறுப்புப் பிளாஸ்டிக்கில் உதட்டைக் கடித்துக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிற மாதிரி. நான் யாரையும் அடிக்கப் போகவில்லை. சனி, ஞாயிறில் கொஞ்சம் காடுமேடு ஏறி இறங்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். பழைய கார்களுக்கு இருக்குமே, நெஞ்சை நிமிர்த்தின மாதிரி வளைந்த குரோம் பம்பர், இரண்டு பக்கமும் குமிழ் வைத்து, அது ஒன்று இருந்தால் இதன் முகம் மாறிவிடும் என்று தோன்றியது.

உக்கடத்தில் இஸ்மாயில் பாய் என்று ஒருவர். கனமான தகட்டை அவர் வளைத்துக் கொடுத்தார். கணபதியில் ஒரு பட்டறையில் முலாம் போட்டோம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பாய் மாட்டும்போது ஏதோ சொன்னார். பட்டறைக்காரர்கள் எப்போதும் ஏதாவது சொல்வார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். என் மனைவி தெய்வானை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏனுங், மூஞ்சி பாக்கறதுக்கு ஊட்ல கண்ணாடி இல்லீங்களா?" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஒன்று சொல்கிறேன், குனிந்து பாருங்கள். இந்த வளைவில் நம் முகம் அகலமாகத் தெரியும், பின்னால் வானம் முழுக்கத் தெரியும், தென்னை மரமெல்லாம் வணங்கி நிற்கும். முப்பது வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் காட்டியதில்லை. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்.

எங்கள் குழுவும் இப்படித்தான் சிரித்தது. இந்தப் பக்கத்தில் மேடுபள்ளம் ஓட்டுகிறவர்கள் பதின்மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு. தலைவர் மகுடேஸ்வரன், கோழித்தீவன வியாபாரம். நல்ல ஓட்டுநர், அதை மறுக்கமாட்டேன். வாய்தான் நீளம். அவர்கள் வண்டிகளைப் பார்த்திருப்பீர்களே, எல்லாம் மங்கல் கறுப்பு, எல்லாம் இரும்புக் குழாய், மூக்கு வைத்த மாதிரி ஒரு காற்றுக்குழாய். அதற்கு நடுவில் நான் இதைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ஏனுங்ணா, சீர்வரிசைத் தட்டத்தை வண்டில கட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார் மகுடேஸ்வரன்.

"பொண்ணு மாப்ள எங்கீங்க, பின்னாடி வராங்களா?" என்றான் இன்னொருவன்.

அன்றிலிருந்து என் பெயர் எவர்சில்வர் அண்ணன். சென்னியப்பன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, அது யாருக்கும் ஞாபகம் இல்லை. வாட்ஸ்அப்பில் நான் காலை வணக்கம் போட்டால் ஒருவன் சொம்புப் படம் போடுவான், இன்னொருவன் குடம் போடுவான். ஆறு மாதம். ஒவ்வொரு ஞாயிறும். கழற்றிவிட்டிருக்கலாம் என்பீர்கள். ஏன் கழற்ற வேண்டும்? அவர்களுக்குக் கறுப்புப் பிடித்திருக்கிறது, எனக்கு இது பிடித்திருக்கிறது. கழற்றினால் அவர்கள் ஜெயித்தார்கள் என்று ஆகும். நான் இன்னும் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் போனேன்.

சிரிக்காதவன் அருள்ராஜ் ஒருவன்தான். அவன் வால்பாறை எஸ்டேட்டில் பிறந்தவன், நாற்பது வயது இருக்கும். ஆழியாறு அடிவாரத்தில் இருக்கிறான். மலைப் பாதையில் சிக்கிய வண்டி, பள்ளத்தில் இறங்கிய வண்டி, எல்லாவற்றையும் இழுத்து மேலே கொண்டுவருவதுதான் அவன் தொழில். பழைய ஜீப் ஒன்று, பட்டை, சங்கிலி, கம்பிவடம். மழைக்காலத்தில் அவனுக்கு வாரத்துக்கு நாலு அழைப்பு வரும். குழுவில் அவன் எங்களுக்கு ஒரு காவல் மாதிரி. யார் சிக்கினாலும் சேற்றில் இறங்குகிறவன் அவன்தான். நாங்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்போம்.

"விடுங்கண்ணா, உங்க வண்டி அழகா இருக்கு. வயித்தெரிச்சல்ல பேசறாங்க" என்பான். உண்மையாகச் சொன்னானா, எனக்காகச் சொன்னானா தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சேற்றில் இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் வண்டியை விட்டு இறங்க வேண்டும். இழுக்கிற கொக்கி எங்கே இருக்கிறதோ அங்கே உள்ளங்கையை வைத்து, முன்னால் இது, பின்னால் இது என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும். சிக்கிய பிறகு சேற்றுக்குள் கொக்கியைத் தேட முடியாதல்லவா? அதற்காக. நல்ல வழக்கம்தான். என் விஷயத்தில் மட்டும் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது, என் முறை வந்தால் சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு, கார்த்திகை மாதம், ஒரு தோப்பை ஒட்டிய ஓடை. முந்தின நாள் நல்ல மழை. எல்லோரும் காட்டினார்கள். என் முறை வந்தது.

"எவர்சில்வர் அண்ணனுக்குக் கொக்கி எங்கீங்க? சமையக்கட்டுல மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றார் மகுடேஸ்வரன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மச்சான் ஒருவர், அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தவர், என் பெயர்கூடத் தெரியாத மனிதர், அவரும் சிரித்தார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பம்பரை ஓங்கித் தட்டினேன்.

"இந்தப் பம்பரே கொக்கிதானுங். இதைப் புடிச்சு லோடு லாரியவே இழுக்கலாம்" என்றேன்.

"அப்படிங்ளா! சரிங், பாத்துக்கலாம்" என்றார் மகுடேஸ்வரன்.

அவ்வளவுதான் நடந்தது. வீறாப்பில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். அதைப் போய் ஒருவன் வேதவாக்காக எடுத்துக்கொள்வானா?

ஓடையின் நடுவில் சிக்கினேன். நான்கு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை, அச்சுவரை இறங்கிவிட்டது. மகுடேஸ்வரன் தன் வண்டியை எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அருள்ராஜ் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். பம்பரில் சுற்றினான். விலகினான். மற்றதுதான் நீங்கள் பார்த்தது.

மகுடேஸ்வரனுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. இன்னும் நாலு விரற்கடை தள்ளி விழுந்திருந்தால் கழுத்து. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் சம்சாரம் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டது. அவரோ, "உங்க மேல என்னங்ணா தப்பு? கட்டுனவனச் சொல்லோணும்" என்றார். அவர் வாயில் அப்படி மரியாதையாக நான் எதையும் கேட்டதில்லை. எவர்சில்வர் என்றுகூடச் சொல்லவில்லை. கொண்டுபோன ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

தொழில் தெரிந்தவன் பார்த்துக் கட்டியிருக்க வேண்டும், இல்லையா? எதில் கட்டுகிறோம், தாங்குமா, தாங்காதா என்று. நானும் கயிற்றுக்கு நார் கொடுக்கிறவன். இழுவை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில் அவன் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன், யாருக்குத் தெரியும்? என்ஜின் உறுமுகிறது, தண்ணீர் ஓடுகிறது, கரையிலிருந்து ஆளாளுக்குக் கத்துகிறார்கள்.

ஆனால் அவன் செய்ததைப் பாருங்கள். நாலாம் நாள் இங்கே வந்தான். இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்காரவில்லை, நின்றான். "அண்ணா, நான்தான் தப்பாக் கட்டிட்டேன். உங்க பம்பரப் பாழாக்கிட்டேன்" என்றான். கோணிப்போய்க் கிடந்த பம்பரைத் தூக்கி அவன் ஜீப்பில் போட்டுக்கொண்டு உக்கடம் போனான். பாயிடம் கொடுத்து நிமிர்த்தி, மறுபடி முலாம் போட்டு, பத்து நாள் கழித்துக் கொண்டுவந்து, மண்ணில் மல்லாக்கப் படுத்து, அவனே மாட்டினான். நீங்கள் இப்போது தொட்டது அதுதான். எங்கே வளைந்தது என்று கண்டுபிடிக்க முடிகிறதா? முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை. மாட்டும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வேண்டாம் என்றான். வருத்தத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு மாதமாக ஒரு அழைப்பு இல்லை என்கிறார்கள். வால்பாறைப் பாதையில் வண்டி சிக்கினால் உடுமலையிலிருந்து ஆள் வரவழைக்கிறார்களாம். பட்டை கட்டத் தெரியாதவன் என்று பெயர் வந்துவிட்டால் அந்தத் தொழிலில் அப்புறம் என்ன இருக்கிறது? வருகிற ஞாயிற்றுக்கிழமை குழு கூடுகிறது. அவனை நீக்குவதற்கு. நீக்கினோம் என்று எழுதிப் போட்டுவிட்டால் அதுவே முத்திரை. பெண் பிள்ளை ஒன்று பிளஸ் டூ படிக்கிறது அவனுக்கு.

சரி, அதை விடுங்கள். உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்ன கேட்டீர்கள்? இதை மாட்டினால் பட்டையை எங்கே கட்டுவது?

நல்ல கேள்வி.

குழந்தைகளோடு மலைக்குப் போகிறவர், கேட்கத்தான் வேண்டும்.

இதில் கட்டக் கூடாது. எக்காரணம் கொண்டும் இதில் கட்டக் கூடாது. பார்ப்பதற்கு இரும்பு மாதிரி இருக்கிறது, இரும்புதான், ஆனால் பின்னால் பிடித்திருப்பது நாலு போல்ட், ஒரு மெல்லிய தகடு. கம்பெனிக்காரன் கொடுத்த கொக்கி அடியில் சேஸிஸ் சட்டத்தில் இருந்தது. அது இருந்தால் இந்த வளைவு உட்காரவில்லை, அரை அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. கழற்றச் சொன்னேன். பாய் சொன்னது அதுதான். "சார், கொக்கியக் கழட்டிட்டா அப்புறம் இது பாக்கறதுக்கு மட்டுந்தான். ஓட்டுங்க, ஜோரா ஓட்டுங்க. இழுக்க மட்டும் வேண்டாம்." நான் எங்கே பாய் இழுக்கப் போகிறேன் என்று சொன்னேன்.

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. தெய்வானையிடம்கூட. முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன், பாருங்கள்.

என்ன? கட்டுகிறவர் கேட்கவில்லையா என்கிறீர்களா?

கேட்டான்.

வந்தவுடன் கட்டிவிடவில்லை அவன். முதலில் சேற்றுக்குள் கையைவிட்டு அடியில் துழாவினான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அப்புறம் நிமிர்ந்து என் ஜன்னலுக்கு வந்தான். இத்தனை தூரம்தான், உங்களுக்கும் எனக்கும் இருக்கிற தூரம். முகமெல்லாம் சேறு. "அண்ணா, அடியில ஒண்ணும் கைக்குச் சிக்கல. பம்பர்லயே சுத்திரட்டுங்களா? தாங்குமா?" என்றான்.

சத்தம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. வேண்டாம், கொக்கி இல்லை, பின்பக்கம் அச்சில் கட்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்ல வாயைத் திறந்தேன். முன் வண்டியில் மகுடேஸ்வரன் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாச்சுங், லாரி இழுக்கற பம்பரு ரெடிங்ளா?" என்று கத்தினார். கரையில் எல்லோர் கையிலும் போன். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

யாருக்குக் காட்டினேன் என்று மில்லில் உட்கார்ந்து யோசிக்கிறேன். அருள்ராஜுக்கா, மகுடேஸ்வரனுக்கா? தாங்கிவிடும் என்று நினைத்தேனா? பாய் சொன்னதைவிட நான் தட்டியது பலமாகத் தோன்றியதா? அவன் பட்டையைச் சுற்ற ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். நான் ஹாரன் அடித்திருக்கலாம். கதவைத் திறந்து இறங்கியிருக்கலாம். சேறு பட்டுவிடும் என்றா இறங்கவில்லை? எனக்கே தெரியவில்லை.

ஆனால் ஒன்று, ஆறு மாதம் ஒரு மனிதனைச் சொம்பு, குடம் என்று சொன்னால் அவன் இப்படித்தான் ஆவான். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் தீர்ப்பில். நான் மட்டுமே குற்றவாளி என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒத்துக்கொள்ளவேமாட்டேன்.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். நீங்கள் இப்படி என்னைப் பார்த்தால் நான் என்ன செய்வது? அருள்ராஜிடம் சொல்லச் சொல்கிறீர்களா? சொல்வதற்கு எனக்கென்ன பயம்? இதோ, உங்கள் முன்னாலேயே போன் போடுகிறேன். நீங்களே கேளுங்கள்.

ரிங் போகிறது.

"அருளு, நான் சென்னியப்பன் பேசறேன். ஆமா. ஒண்ணுமில்ல, சும்மாதான். இல்ல, சும்மா இல்ல. அன்னிக்கு ஓடையில நீ வந்து கேட்டீல்ல, தாங்குமான்னு. எனக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. அதுல கொக்கி இல்லைன்னு எனக்குத் தெரியும். பாய் முன்னாலயே... ம்... ம்... எப்ப?... சரி. கேக்குது. சொல்லு."

வைத்துவிட்டான்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அவனுக்குத் தெரியுமாம். பம்பரை நிமிர்த்தக் கொண்டுபோன அன்றைக்கே பாய் அவனிடம் சொல்லிவிட்டாராம். எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். அவனைப் பாயிடம் அனுப்பினால் பாய் வாயை மூடிக்கொண்டா இருப்பார்? தெரிந்துகொண்டேதான் பத்து நாள் அலைந்து முலாம் போட்டிருக்கிறான். தெரிந்துகொண்டேதான் இந்த மண்ணில் படுத்து மாட்டியிருக்கிறான். ஏன்டா சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். "நான் சொன்னா எவன் நம்புவான்? கட்டுனவன் தப்பிக்கப் பாக்கறான்னுதான் சொல்லுவாங்க. எனக்குச் சாட்சி அந்தப் பம்பர்தான், அது இருந்தா அடியில கொக்கி உக்காராது. அது உங்க வண்டில இருந்தாத்தான் எனக்கு நல்லது. அதான் மாட்டி வெச்சேன்" என்றான்.

நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் என்ன சொன்னான் தெரியுமா? "ஞாயித்துக்கிழம வாங்க. பம்பரோட வாங்க, கழட்டிட்டு வந்துராதீங்க. எல்லாரும் அடியில கைய விட்டுப் பாக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்." அண்ணா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கவனித்தேன். நான் சரி என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

கழற்றிவிட்டு வருவேன் என்று நினைக்கிறான்! என்னைப் பற்றி என்ன நினைத்திருக்கிறான் அவன்? ஆறு மாதம் சிரித்தபோது கழற்றாதவன், இப்போதா கழற்றுவேன்? இதைக் கழற்றினால் பழி முழுக்க இந்தத் தகட்டின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தகடு என்ன பொய் சொன்னது? அது பார்க்க அழகாக இருக்கத்தான் செய்யப்பட்டது, அழகாக இருக்கிறது. லாரி இழுப்பேன் என்று அதுவா சொன்னது?

போவேன். இந்த வண்டியில், இந்த முகத்தோடு, அவர்கள் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவேன். மகுடேஸ்வரன் ஒற்றைக் கையோடு குனிந்து பார்க்கட்டும். அவர் மச்சானும் பார்க்கட்டும். அவன் பக்கத்தில் நின்றால் போதும் என்கிறான். நான் நிற்க மட்டும் போகவில்லை, வாயைத் திறந்து சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டு, எவர்சில்வர் என்று எவனாவது கூப்பிட்டால் ஆமாம் என்றும் சொல்வேன். அதன் பிறகு என்னை நீக்குவதென்றால் நீக்கிக்கொள்ளட்டும்.

ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று யோசிக்கிறீர்களா? சொல்லுங்கள், போகாமல் இருந்துவிடுகிற ஆள் மாதிரியா தெரிகிறேன் நான்?

அங்கே எங்கே குனிகிறீர்கள்? பம்பரைப் பார்க்காதீர்கள். என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.